சுவிட்சர்லாந்து மாதிரி நாமே சட்டம் போட்டால் என்ன?

செந்தூல்காரன்: "50,000 பேர் கையெழுத்துப் போட்டால் சுவிட்சர்லாந்தில் மக்களே சட்டம் கொண்டுவரலாம், மலேசியாவில் நமக்கும் அது வேண்டும்" என்று மேலே ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். ஐயா, 50,000 என்பது நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுப்பதற்கு, அதுவும் 100 நாளுக்குள். மக்களே புதிதாக ஒன்றைக் கேட்க 1 லட்சம் கையெழுத்து, 18 மாதம். அதுவும் அரசியலமைப்புத் திருத்தமாகத்தான் கேட்க முடியும்.

பட்டர்வொர்த் வாத்தியார்: எழுதியது நான்தான். 2018-இல் ஓட்டுப் போட்டு அமைத்த அரசு 2020-இல் தேர்தலே இல்லாமல் மாறியதே, அதைப் பேசுங்கள். கையெழுத்துக் கணக்கா முக்கியம்?

செந்தூல்காரன்: முக்கியம்தான். 50,000-ஆ, 1 லட்சமா?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா: தம்பிகளா, இந்த நாட்டில் இந்தியர்களாகிய நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். தமிழ்ப்பள்ளி வேண்டுமா வேண்டாமா என்று நாளைக்கே வாக்கெடுப்பு வைத்தால் என்ன செய்வீர்கள்? சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்று 1959-இல் ஆண்கள் ஓட்டுப் போட்டார்கள். அது கிடைக்க 1971 ஆயிற்று.

பட்டர்வொர்த் வாத்தியார்: அக்கா, அதற்குத்தான் அங்கே இரட்டைப் பெரும்பான்மை. மொத்த ஓட்டு மட்டும் போதாது, பெரும்பான்மை மாநிலங்களிலும் ஜெயிக்க வேண்டும்.

செந்தூல்காரன்: 2009-இல் பள்ளிவாசல் கோபுரம் (மினாரா) கட்டத் தடை அந்த இரண்டிலும்தானே ஜெயித்தது? பாதிப் பாடம் நடத்தியே பழகிவிட்டது வாத்தியாருக்கு. 50,000 என்ன ஆயிற்று?

ஆயர் ஈத்தாம் பையன்: சுவிட்சர்லாந்து எதற்கு அண்ணே? எங்கள் பினாங்கு ஜோர்ஜ் டவுனிலேயே நகராண்மைத் தேர்தல் இருந்தது. டி. எஸ். ராமநாதன் மேயராக இருந்த ஊர் இது. 1965-இல் இந்தோனேசிய மோதலைச் சொல்லி ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். அதை ஆராய்ந்த அதி நாகப்பன் ஆணையம் திரும்பக் கொண்டுவரச் சொல்லியும் 1976 ஊராட்சிச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. பினாங்கு மறுபடி கேட்டுப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளிவிட்டது. என் வீட்டெதிரே சாக்கடை மூடி உடைந்து, யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். எந்த நகராண்மை உறுப்பினரைப் போய்க் கேட்பது? அவரை நான் தேர்ந்தெடுக்கவே இல்லையே! கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

செந்தூல்காரன்: தம்பி, கோலாலம்பூர் நகராண்மைக்கு 1952-லேயே தேர்தல் நடந்தது. போய்ப் படித்துவிட்டு வாரும். பினாங்குக்காரர்களுக்கு நாசி கண்டார் சோறு முதல் ஜனநாயகம் வரை எல்லாமே தங்கள் ஊரில்தான் பிறந்ததென்று நினைப்பு.

ஆயர் ஈத்தாம் பையன்: நாசி கண்டாரை இழுக்காதீர் லா. அதில் சந்தேகம் வேறா?

பட்டர்வொர்த் வாத்தியார்: தொகுதி எல்லை விவாதத்திலும் இவர் இப்படித்தான் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் ஓட்டினார். நான் சொன்னது மக்களுக்கு அதிகாரம் வேண்டும் என்பது. அதற்கு என்ன பதில்?

செந்தூல்காரன்: அன்றைக்கும் எண் தப்பு, இன்றைக்கும் தப்பு.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா: தமிழ்ப்பள்ளி என்று ஒரு கேள்வி கேட்டேனே, யார் கண்ணிலும் படவில்லையா?

செந்தூல்காரன்: வருகிறேன் அக்கா. முதலில் வாத்தியார் தன் பதிவைத் திருத்தட்டும்.