மைனஸ் 18 டிகிரி குளிரில் கேமரா தானா அணையுது, லென்ஸுக்குள் பனிப்படலம் – உதவி தேவை

மயூர்விஹார் மணி:
இமாச்சலப் பிரதேசம் ஸ்பிட்டியில், கிப்பர் கிராமத்துப் பக்கம் ஆவணப்பட ஷூட். பேட்டரி 60 சதவீதம் காட்டும்போதே கேமரா அணைஞ்சிடுது. ரூமுக்குள்ள கொண்டுவந்து கொஞ்ச நேரம் வச்சா அதே பேட்டரி திரும்ப ஓடுது. ராத்திரி உள்ளே வந்ததும் 100-400 ஜூம் லென்ஸ் முழுக்க ஈரம், காலையில் உள்கண்ணாடியில் பனி. ஹீட்டர் முன்னாடி வச்சுக் காயவைக்கலாமா? டிரைபாட் ஹெட் வேற இறுகிக்கிட்டு பக்கவாட்டில் திரும்ப (பேன் ஆக) மாட்டேங்குது. ரெண்டு நாள் டெல்லியில் இருப்பேன், அடுத்த வாரம் திரும்பப் போகணும்.

கரோல்பாக் லென்ஸ் பெஞ்ச்:
ஹீட்டர் வேண்டவே வேண்டாம் சார். ஒரு பக்கம் சூடானா ஈரம் வெளியே போகாது, உள்ளேயே சூடு ஏறாத கண்ணாடியில் போய்ப் படியும். கிரீஸும் இளகி அபர்ச்சர் இதழ்ல (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற தகடுகள்ல) இறங்கலாம்.

லென்ஸைக் கெடுக்கிறது குளிர் இல்லை, குளிர்ந்த லென்ஸை வெதுவெதுப்பான ரூமுக்குள்ள அப்படியே கொண்டுவர்றதுதான். அடுப்பில் கொதிக்கிற கெட்டில், நாலு பேர் மூச்சு எல்லாம் சேர்ந்து ரூம் காற்று ஈரமா இருக்கும். அதனால வாசலுக்கு வெளியிலேயே கார்டையும் பேட்டரியையும் கழட்டிடுங்க. லென்ஸை முழுசா சுருக்கி, கேமராவோட ஜிப்லாக் கவர்ல போட்டு, காத்தை அமுக்கி வெளியேத்தி மூடுங்க. அந்தக் கவரைக் கேமரா பைக்குள்ள வச்சு அப்புறம் உள்ளே வாங்க. மூணு நாலு மணி நேரம் திறக்கக் கூடாது. தண்ணி கவரோட வெளிப்பக்கம்தான் கோர்க்கும். அந்த நேரத்தில் ஜூம் பண்ணிப் பார்க்கிற ஆசையே கூடாது. 100-400 நீளும்போது ரூம் காத்தை உள்ளே இழுக்கும்.

இதைவிட நல்லது, சூடு இல்லாத ரூமிலேயே கேமராவை ராத்திரி விட்டுட்டு பேட்டரியை மட்டும் உள்ளே எடுக்கிறது.

இப்ப இருக்கிற ஈரத்துக்கு: காத்து புகாத டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சுற மணிகள்), லென்ஸோட பின்மூடியைக் கழட்டி அதுக்குள்ள ரெண்டு நாள் வைங்க. டெல்லி ஜனவரிக் காத்து மூடுபனி ஈரம், சும்மா வெளியே வச்சா காயாது. கறை நின்னா சர்வீஸுக்குக் கொடுத்துடுங்க.

ஆர்.கே.புரம் கேமரா அசிஸ்டென்ட்:
பேட்டரி காலியாகலை அண்ணா. லித்தியம் அயன் குளிர்ந்தா உள்தடை ஏறும், ரெக்கார்டிங் இழுக்கிற மின்னோட்டத்தில் வோல்டேஜ் சரியும், கேமரா அதைப் பார்த்து 'தீர்ந்துபோச்சு'ன்னு அணைச்சிடும். வழக்கமா எடுத்துப்போறதைவிட மூணு மடங்கு பேட்டரி வேணும், எல்லாமே சட்டை உள்பாக்கெட்ல. கெமிக்கல் ஹேண்ட் வார்மரை மூடின கவர்ல வைக்காதீங்க, அதிலுள்ள இரும்புத்தூள் ஆக்ஸிஜன் இருந்தாத்தான் சூடாகும். அந்த உயரத்தில் காத்து மெலிசு, அதனால சூடு கொஞ்சம் குறைவாவே வரும்.

முக்கியமா: ஜில்லுன்னு இருக்கிற பேட்டரியை உடனே சார்ஜ் போடாதீங்க. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணினா ஆனோடு (பேட்டரிக்குள்ள இருக்கிற எதிர்மின்முனை) மேல லித்தியம் உலோகமாவே படியும். போன கொள்ளளவு திரும்ப வராது. ரூம்ல ஒரு மணி நேரம் கிடக்கட்டும்.

சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரில டம்மி பேட்டரியும் (பேட்டரி இடத்தில் மாட்டி, கேபிள் வழியா வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறது) சிலிகான் உறை கேபிளும் வாங்கிடுங்க. சாதாரண பிவிசி கேபிளோட உறை குளிர்ல விறைச்சு விரிசல் விடும்.

ஹெட் இறுகுறது உள்ளே இருக்கிற ஃப்ளூயிட் கெட்டியாகிறதால. டிராக்கை (ஹெட் திரும்பும்போது வர்ற இறுக்கத்தோட அளவை) 0 அல்லது 1-க்கு இறக்கி, ஷாட்டுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் மெதுவா பலதடவை சுத்துங்க. எண்ணெய் விடவே கூடாது. டிரைபாட் கால்களை மடக்கும் முன் லாக்ல ஒட்டின பனியைத் துடைச்சிடுங்க. உருகி மறுபடி உறைஞ்சா காலையில் கால் நீளாது.

மயூர்விஹார் மணி:
ரொம்ப நன்றி. எல்சிடில படம் இழுத்துக்கிட்டே வருதே? பேக்கப்புக்கு 2 டிபி ஹார்டு டிஸ்க் போதுமா?

கரோல்பாக் லென்ஸ் பெஞ்ச்:
எல்சிடி குளிர்ல மந்தமாகும், சூடானா சரியாகிடும். ரெக்கார்டிங்கில் அந்த இழுப்பு இருக்காது. ஃபோகஸை வியூஃபைண்டர்ல பாருங்க, ஆனா அதுமேல மூச்சு விடாதீங்க, உடனே உறையும்.

ஹார்டு டிஸ்க் வேண்டாம். பல டிஸ்க்குகளுக்கு இயங்கும் வரம்பு சுமார் 3,000 மீட்டர்தான். உள்ளே சுத்துற தட்டுக்கு மேல, டேட்டாவைப் படிக்கிற தலையை (ஹெட்) மிதக்க வைக்கிறது காத்துதான், அது அங்கே மெலிசு. கிப்பர் 4,000-க்கு மேல. சுத்துற பாகமே இல்லாத எஸ்எஸ்டி ரெண்டு எடுங்க.