கோப்ராவின் கடைசி வாரம்: எதைப் பதிவு செய்வது, எதைக் கேட்டு வாங்குவது?

டர்பன்_தொங்கல் | 16 ஏப்ரல் 2018

எல்லாருக்கும் வணக்கம், புத்தாண்டு வாழ்த்துகள்.

மே 1-ஆம் தேதியோடு கேப் டவுன் கேளிக்கைப் பூங்கா ரட்டாங்கா ஜங்ஷனை மூடுகிறார்கள். 1998 டிசம்பரில் திறந்த இடம், இருபது வருடம்கூட நிறையவில்லை. மங்கி ஃபால்ஸ், காங்கோ குயின், டயமண்ட் டெவில் ரன் என்று அங்கே இருக்கும் மற்றச் சவாரிகள் எதற்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த இழை, தண்டவாளத்துக்குக் கீழே தொங்கி ஓடும் ரோலர் கோஸ்டரான கோப்ராவுக்கு மட்டும்.

டர்பனிலிருந்து ஆறு பேர் வருகிறோம். நீண்ட விடுமுறையில் எந்த நாள் நல்லது? வெறும் செல்ஃபி இல்லாமல், பிறகு யாராவது கேட்டால் "கோப்ரா இப்படித்தான் ஓடியது" என்று காட்டுகிற மாதிரி என்ன எடுத்து வைக்கலாம்? டிரோன் கொண்டுவரலாமா? கழற்றும்போது ஒரு சக்கரமாவது கிடைக்க வழி உண்டா?

கேப்_காற்று

தம்பி, முதலில் டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ.க்குள் சொந்த உபயோகத்துக்கு டிரோன் பறக்கவிடக் கூடாது என்பது நாட்டுச் சட்டம். ஐஸ்டர்ப்ளாட் விமானப்படைத் தளம், பூங்கா இருக்கும் செஞ்சுரி சிட்டிக்குப் பக்கத்துவீடு மாதிரி. அது போதாதென்று, ஆட்களிடமிருந்தும் கட்டடங்களிடமிருந்தும் 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். விடுமுறைக் கூட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

நாள் விஷயம். வெள்ளி 27 சுதந்திர தினம், செவ்வாய் 1 தொழிலாளர் தினம். இரண்டிலும் கூட்டம் அலைமோதும். கருவி வேலை, படம், ஒலி எல்லாவற்றையும் முந்தின வாரமே ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் கையை வீசிக்கொண்டு போய் ஏறுவதோடு சரி. அன்றைக்குப் போய் அளவு எடுக்கிறேன் என்று நிற்பவருக்கு அளவும் கிடைக்காது, சவாரியும் கிடைக்காது.

வரிசையில் நிற்கலாமா வேண்டாமா என்பதை அறிவிப்புப் பலகையை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரு ரயில் புறப்பட்டு அடுத்தது புறப்பட எத்தனை நிமிடம், எத்தனை இருக்கை நிறைகிறது என்று இரண்டு முறை பாருங்கள். 20 பேர் ஏறி 3 நிமிடத்துக்கு ஒன்று போனால் மணிக்கு 400 பேர். உங்களுக்கு முன்னால் 300 தலை இருந்தால் முக்கால் மணி நேரம். இருக்கை காலியாகப் போவதும் பூட்டுச் சரிபார்ப்பில் தாமதமாவதும்தான் இந்தக் கணக்கைக் கெடுக்கும்.

காற்று: ஏப்ரல் கடைசியில் தென்கிழக்குக் காற்றின் மூர்க்கம் குறைந்து, வடமேற்கிலிருந்து மழை வரத் தொடங்கும் காலம். இரண்டில் எது வந்தாலும் சவாரியை நிறுத்துவார்கள். அதனால் ஒரே ஒரு நாளை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

காலையில் முதல் சில ஓட்டங்கள் மந்தமாக இருக்கும். சக்கரத்தின் மேல்பூச்சான பாலியூரிதேனும் (ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்) தாங்கியிலிருக்கும் கிரீஸும் குளிர்ந்திருப்பதுதான் காரணம். மதியம் மூன்று மணிக்கு மேல் அதே பாதை வேறு மாதிரி இருக்கும். முன்வரிசையில் காலுக்கடியில் எதுவும் இல்லாத வெறுமை. பின்வரிசையில் உச்சியைத் தாண்டும்போது முன்னால் போன பெட்டிகள் உங்களை இழுத்துப் போடும். ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும் என்றால் என் ஓட்டு பின்வரிசைக்கு.

நட்டு_போல்ட்டு

அளவு எடுப்பது பற்றி நான் சொல்கிறேன்.

ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகம் செய்தது, இலவசம். அதில் "ஈர்ப்போடு சேர்ந்த முடுக்கம்" என்ற சோதனையை எடுங்கள், ஈர்ப்பில்லாததை வேண்டாம். மேசையில் அசையாமல் வைத்தால் 9.81 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு விலகல் என்று குறித்துக்கொண்டு பிறகு சரிசெய்யலாம்.

போனை இடுப்புப் பையில், ஜிப் போட்டு, வார் இறுக்கி, உடம்போடு ஒட்டினாற்போல் கட்டுங்கள். தொளதொள சட்டைப் பையில் போட்டால் போன் ஆடுவதைத்தான் அளப்பீர்கள், கோப்ராவை அல்ல. கையில் பிடிப்பது விதிப்படியும் தப்பு, அறிவுப்படியும் தப்பு: கீழே வரிசையில் நிற்பவர் தலையில் விழும். திரை அணைந்தால் பதிவு நின்றுவிடும், அதனால் தானாகப் பூட்டிக்கொள்வதை நிறுத்தி வையுங்கள். வயிறு பட்டுத் திரை அழுந்தாமல் இருக்க ஒரு கெட்டி அட்டையைக் குறுக்கே வையுங்கள். தொடங்கும் நேரத்தையும் ஓடும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி அதில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகு பொத்தானைத் தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பூங்கா விளம்பரம் 4 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பைப் போல் நான்கு மடங்கு, என்கிறது. சில போன்களின் உணரியும் சரியாக 4 ஜி-யோடு நின்றுவிடும், அதாவது 39.2. வரைபடத்தின் உச்சி கத்தியால் சீவினது போல் தட்டையாக 39-ல் நின்றால் அது உங்கள் போனின் எல்லை, சவாரியுடையது அல்ல. 8 ஜி வரை அளக்கும் போன் ஆறு பேரில் யாரிடம் இருக்கிறது என்று முன்பே பாருங்கள். பதிவிலிருக்கும் ஊசி முனைகளைப் பார்த்து "6 ஜி வந்தது!" என்று இங்கே வந்து எழுதாதீர்கள். அது தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டும் அதிர்வு. 5 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வை நீக்கும் வடிகட்டி போட்ட பிறகு மிஞ்சுவதுதான் உடம்பு உணர்கிற ஜி.

உயரத்துக்குப் போனிலுள்ள காற்றழுத்தமானியைப் பலரும் நம்புகிறார்கள். 34 மீட்டருக்குக் காற்றழுத்த வித்தியாசம் சுமார் 4 ஹெக்டோபாஸ்கல்தான். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு. அதனால் மெதுவாகச் சங்கிலியில் ஏறும் பகுதியில் மட்டும் அந்த வரைபடத்தை நம்பலாம். இறங்கத் தொடங்கியதும் அது பொய் சொல்லும்.

உயரத்தைத் தரையிலிருந்து அளப்பதே மேல். உச்சிக்கு நேர்கீழே வேலி இருக்கும், அடிவரை போக முடியாது. அதனால் ஒரே நேர்கோட்டில் இரண்டு இடம் தேர்ந்தெடுங்கள். கிட்ட நின்று உச்சியைப் பார்க்கும் கோணம் 39 டிகிரி, அங்கிருந்து 20 மீட்டர் பின்னால் வந்து 28.4 டிகிரி என்று வையுங்கள். 20-ஐ (1/டேன் 28.4 − 1/டேன் 39) ஆல் வகுத்தால் 32.5. கண் உயரம் 1.6 சேர்த்தால் 34.1 மீட்டர். கோணத்தில் ஒரு டிகிரி பிசகினாலே மீட்டர் கணக்கில் மாறும், ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 20 மீட்டரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள், காலடியால் அல்ல.

வேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ஏறத்தாழ 100 கி.மீ." என்பது விளம்பரம். உராய்வே இல்லாமல் 34 மீட்டர் விழுந்தாலும் 93 கி.மீ.க்கு மேல் வராது. சங்கிலி தரும் தொடக்க வேகம் அதில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டாது. இதைச் சொன்னதற்காக யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், எனக்கும் கோப்ரா பிடிக்கும்.

ஒலிப்பெட்டி

எல்லாரும் வீடியோ எடுப்பார்கள், ஒலியை யாரும் ஒழுங்காக எடுப்பதில்லை. கேமராவின் சின்ன மைக்கில் பதிவாவது காற்றின் புஸ்ஸும் அலறலும்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே "இது கோப்ரா" என்று சொல்ல வைப்பவை வேறு: ஏற்றத்தில் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் நாக்கு பல்லுக்குப் பல் விழும் டக்-டக், நிலையத்தில் பிரேக்கிலிருந்து காற்று வெளியேறும் சீற்றம், வளைவில் குழாய்த் தண்டவாளம் முழுக்க ஊளையிடுவது.

கையடக்க ரெக்கார்டர் இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம். தானியங்கி ஒலியளவை அணைத்துவிட்டு, உரத்த சத்தம் −12 டெசிபலில் நிற்கும்படி கையால் வையுங்கள். அணைக்காவிட்டால் ரயில் கடந்து போனதும் கருவி தானே ஒலியை ஏற்றி, தூரத்துப் பாட்டையும் பேச்சையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். மைக்குக்கு ரோமக் காற்றுத்தடுப்பு கட்டாயம், நுரை மட்டும் கேப் டவுன் காற்றுக்குப் போதாது. அவசரத்துக்குத் தடித்த கம்பளிக் காலுறையைப் போட்டாலும் ஓரளவு தாங்கும்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டும் வசதியைக் கருவியிலேயே போடலாமா என்று கேட்பீர்கள். காற்று அடங்கியிருந்தால் போடாதீர்கள், ரயிலின் அடிவயிற்று உறுமலும் அதோடு போய்விடும். பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளலாம்.

ஏற்றத்தின் அடியில், பூங்காவின் ஒலிபெருக்கி உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படி நின்று மூன்று முழுச் சுற்று எடுங்கள். காலையில் வெற்று ரயிலைச் சோதித்து ஓட்டுவதைத் தவறவிடாதீர்கள். ஆளில்லாத இருக்கைகளில் தோள்பூட்டுகள் கடகடக்கும், அலறல் இருக்காது. கோப்புப் பெயரில் தேதி, நேரம், நின்ற இடம், ரயில் நிறைந்ததா வெறுமையா என்று போடுங்கள். "புதியது 3" என்று போட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது.

டர்பன்_தொங்கல்

அண்ணாமாரே, கை நிறையத் தந்துவிட்டீர்கள். இன்னொன்று. கடைசி ரயிலின் முன்பெட்டிக்கு ஒரு மாலை போடலாம் என்று எங்களுக்குள் பேச்சு. சாமந்தி, பெரிசாக வேண்டாம். நம்ம வழக்கம்தானே?

நட்டு_போல்ட்டு

வேண்டவே வேண்டாம். மாலை கட்டிய நூல் அறுந்து சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். பாதை நெடுகிலும் ரயில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் உணரிகள் இருக்கின்றன. சில ஒளியால் வேலை செய்யும், சில உலோகத்தை உணரும். பூ, ஜரிகை, கம்பி என்று ஏதாவது ஒன்று அங்கே சிக்கினால், கட்டுப்பாட்டு அமைப்பு சந்தேகப்பட்டு ரயிலை அடுத்த பிரேக்கில் நிறுத்தும். அவ்வளவுதான், ஆளை இறக்கி, பாதையைப் பார்த்து, வெற்று ஓட்டம் ஓட்டி... கடைசி நாளின் கடைசி மணி நேரம் உங்கள் மாலையால் போகும்.

எலுமிச்சம்பழம் என்று அடுத்து யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: இது தொங்கும் ரயில். சக்கரம் தலைக்கு மேலே இருக்கிறது, பழத்தை எங்கே வைப்பீர்கள்?

சாட்ஸ்வர்த்_அக்கா

மாலையை வரிசையின் நுழைவாயில் கம்பியில் கட்டுங்கப்பா, அங்கே இயந்திரம் எதுவும் இல்லை. அதையும் காவலாளியிடம் கேட்டுவிட்டுக் கட்டி, கிளம்பும்போது நீங்களே அவிழ்த்து எடுத்து வாருங்கள். கற்பூரம், சாம்பிராணி என்று நெருப்பு எதுவும் கூடாது.

ஓட்டுபவர்களுக்கு ஏதாவது செய்ய ஆசையாக இருந்தால், முறுக்கும் அதிரசமும் மூடி இறுகிய டின்னில். எண்ணெய்ப் பலகாரம் சூட்கேஸில் கசியும் என்பதால் டின்னுக்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் பை. ரயில் ஏறும் மேடையில் நீட்டாதீர்கள், அங்கே அவர்கள் கண்ணும் கையும் பூட்டுகளின் மேல் இருக்க வேண்டும். காலையில் விருந்தினர் சேவையில் கொடுத்து, "கோப்ரா பணியாளர்களுக்கு" என்று சீட்டு ஒட்டுங்கள். வேலை போகிற பிள்ளைகள் அவர்கள். அட்டையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, தமிழில் ஒரு வரி எழுதினால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

நட்டு_போல்ட்டு

சக்கரக் கேள்வி பாக்கி.

சவாரியை யாராவது வாங்கி வேறிடத்தில் நிறுத்துவதாக இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டுக் கழற்றுவார்கள், உதிரிகளும் அதோடு போகும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தைக் கேட்பதில் பலன் இல்லை. தேய்ந்து ஒதுக்கிய சக்கரத்தைக் கேளுங்கள். ஓடுசக்கரம், பக்கச் சக்கரம், மேலெழாமல் தடுக்கும் சக்கரம் என்று மூன்று வகை. "ஏதாவது ஒரு நினைவுப்பொருள்" என்று எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது. "மேல்பூச்சு உரிந்து கழிவுக்கு ஒதுக்கிய பக்கச் சக்கரம் ஒன்று, விலை கொடுக்கத் தயார், எந்தச் சவாரியிலும் பயன்படுத்த மாட்டோம்" என்று பராமரிப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். நீங்களாக ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். மே 1 மாலை வரை அதில் ஆட்கள் ஏறுகிறார்கள்.

கழற்றத் தொடங்கிய பிறகு இன்னொரு வாய்ப்பு உண்டு. தண்டவாளத்தை இணைக்கும் உயர்வலு போல்ட்டுகளை முறுக்கி இழுவிசை ஏற்றியிருப்பதால், கழற்றியதைப் பொதுவாகத் திரும்பப் போடுவதில்லை. அவை இரும்புக் கழிவுக்குத்தான் போகும். சக்கரத்தைவிட அது கிடைப்பது சுலபம், விமானப் பையிலும் அடங்கும்.

தண்டவாளத் துண்டு கேட்காதீர்கள். 114 மி.மீ. விட்டம், 6 மி.மீ. தடிமன் உள்ள குழாய் மீட்டருக்கே 16 கிலோ. இரண்டு தண்டவாளம், முதுகுக் குழாய், குறுக்குக் கட்டு எல்லாம் சேர்ந்தால் பக்கி (சின்னச் சரக்கு வண்டி) இல்லாமல் நகராது.

சக்கரம் கிடைத்தால், பாத்திர சோப்பும் வெந்நீரும் போட்டு நார்ப் பிரஷால் தேயுங்கள். கிரீஸ் நீக்கும் திரவம் உலோகத்துக்கு மட்டும். தின்னர், அசிட்டோன் பட்டால் பாலியூரிதேன் உப்பிப் பிசுபிசுக்கும். வெயில் படும் ஜன்னலில் வைத்தால் மஞ்சளாகி விரிசல் விடும். கழுவுகிற வேலையை டர்பனில் வைத்துக்கொள்ளுங்கள், கேப் டவுனில் இந்த 2018 வறட்சியில் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் தண்ணீர்தான்.

டர்பன்_தொங்கல்

சரி அண்ணா. சனி 21 அளவுக்கும் ஒலிக்கும், மே 1 சவாரிக்கு மட்டும் என்று மாற்றிவிட்டோம். மாலை நுழைவாயிலுக்கு. கடிதம் இன்றைக்கே போகிறது. 8 ஜி போன் ஒருவரிடம் இருக்கிறது, ஆனால் பேட்டரி அரை நாள்தான் தாங்குகிறது.

ஒலிப்பெட்டி

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வையுங்கள், சாயங்காலம் வரை வரும். ஃபைஃபாக்ஸுக்கு நெட் தேவையில்லை.