ஜாக்கி சான் படத்துல வர்ற வோங் ஃபெய்ஹுங் நிஜ ஆளா?

பழைய_விசிடி:
நேத்து நைட் அப்பாகூட உக்காந்து 'டிரங்கன் மாஸ்டர்' திரும்பப் பாத்தேன், 1978ல வந்த ஜாக்கி சான் படம். அதுல ஹீரோ பேரு வோங் ஃபெய்ஹுங். 1991ல வந்த ஜெட் லீ படத்துலயும் இதே பேருதான், ஆனா அங்க ஊரே மதிக்கிற வைத்தியரு, இங்க அப்பாகிட்ட அடி வாங்கிட்டு ஊர் சுத்துற பையன். ரெண்டும் ஒரே ஆளா, நிஜமா வாழ்ந்தவரா, இல்ல நம்மூரு மதுரை வீரன் மாதிரி பாட்டும் கதையுமா வளந்தவரா? அப்புறம் அந்தக் குடிகார சண்டை உண்மையா?

புலிக்கொக்கு:
நிஜ ஆளுதான் ப்ரோ. 1847ல குவாங்டாங் மாகாணத்துல ஃபோஷான்காரரு. அப்பா வோங் கெய்யிங்கும் பெரிய மாஸ்டர், 'கான்டன் பத்துப் புலிகள்'னு சொல்ற பத்து பேர்ல ஒருத்தரு. மகன் கான்டன்ல, அதாவது இப்போதைய குவாங்சோ நகரத்துல, போ சி லாம்னு ஒரு வைத்தியசாலை நடத்தினாரு, அடிபட்டது எலும்பு முறிஞ்சதுக்கெல்லாம் மருந்து வச்சுக் கட்டுவாரு. சிங்க ஆட்டத்துலயும் பேர் போனவரு. 1924ல நகரத்துல நடந்த சண்டையில போ சி லாம் எரிஞ்சு போச்சு, அடுத்த வருஷமே அவரும் போயிட்டாரு, அதப் படிச்சப்போ எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

குடிகார சண்டை அவருக்குப் படம் ஒட்டவச்சது. அவரோட முறை ஹுங் காங்கிற தென்சீனக் குங்ஃபூ, அதுல புலியும் கொக்கும் சேந்த வரிசைதான் ஃபேமஸ். தள்ளாடுற மாதிரி ஆடுற முறைகள் சீனாவுல நிஜமாவே இருக்கு, ஆனா குடிச்சிட்டு இல்ல, நிதானம் நல்லா இருந்தாத்தான் அப்படித் தள்ளாடவே முடியும்.

பினாங்கு_அண்ணன்:
தம்பி, ஜாக்கிக்கு முன்னாடியே ஒரு பெரிய கதை இருக்கு. 1949லேருந்து குவான் டக்ஹிங்னு ஒரு நடிகரு இந்த வேஷத்துல எழுபதுக்கு மேல படம் நடிச்சாரு, 1956ல மட்டும் 25 வோங் ஃபெய்ஹுங் படம்! கதை முக்காவாசி கற்பனைதான், ஆனா கை கால் அசைவு கற்பனை இல்ல, அதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். நிஜ வோங்கோட சிஷ்யரு லாம் சாய்விங், அவர்கிட்ட கத்துக்கிட்டவரு லாவ் சாம், இந்த லாவ் சாம் அந்தப் படங்கள்ல வேலை செஞ்சாரு, அவரு மகன் லாவ் கார்லியுங் ஸ்டன்ட் மாஸ்டராகி அப்புறம் டைரக்டரே ஆனாரு. அப்போ நாம ஸ்க்ரீன்ல பாக்குறது அந்த வைத்தியசாலையிலேருந்து கை மாறி கை மாறி வந்த அசைவு. வோங்கோட மனைவி மோக் குவாய்லானும் ஹாங்காங்ல கத்துக்குடுத்தவங்கதான், அவங்களப் பத்தி யாரும் பேசறதே இல்ல. இங்க பினாங்குல சீனப் புத்தாண்டுக்குத் தெருவுல சிங்கம் ஆடுறப்போ தாளம் கேட்டாலே எனக்கு இவங்க எல்லாரும் ஞாபகம் வருவாங்க.

பழைய_விசிடி:
அண்ணே செம, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அடுத்து எதப் பாக்கலாம்?

புலிக்கொக்கு:
லாவ் கார்லியுங் 1981ல எடுத்த 'மார்ஷியல் கிளப்' பாருங்க. ஆரம்பமே சிங்க ஆட்டம். கடைசி சண்டை ஒரு சந்துல, சந்து போகப் போக ஒடுங்கிட்டே வரும், அதுக்கேத்த மாதிரி சண்டை போடுற ரெண்டு பேரும் நிக்குற நிலையையும் கைய வீசுறதையும் மாத்திட்டே இருப்பாங்க. யாரும் சாக மாட்டாங்க.