காலையில் மெயின் டிரிப்: சமையலறை லோடை எப்படிக் கணக்குப் போடுவது?

லவ்டேல்வாசி:
ஊட்டி லவ்டேல்ல பழைய ஓட்டு வீடு, மரப்பலகை சீலிங். சிங்கிள் ஃபேஸ், மெயின் எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா வெட்டுற சுவிட்ச்) 32 ஆம்ப். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500, ஓடிஜி (ஓவன்-டோஸ்டர்-கிரில்) 1600, மைக்ரோவேவ் 800, மிக்ஸி 750. 15 லிட்டர் கீசர் ரெண்டு, ரூம் ஹீட்டர் ஒண்ணு, தலா 2000. காலையில எல்லாம் ஓட ஆரம்பிச்சு இருபது நிமிஷம் கழிச்சுத்தான் மெயின் விழுது. கூட்டினா 12.6 கிலோவாட் வருது. அவ்வளவுக்கும் லோடு வாங்கணுமா? எம்சிபியை 40 ஆக்கினா போதும்னு சொல்றாங்க, சரியா?

குன்னூர் வயரிங்:
முதல்ல ஒரு திருத்தம். மைக்ரோவேவ்ல 800னு போட்டிருக்கிறது உணவுக்குள்ள போற சக்தி. பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்க, இன்புட் 1200–1300 இருக்கும். கணக்குக்கு அதுதான் வேணும்.

எல்லாத்தையும் கூட்டினா வர்றது இணைப்பு லோடு. நமக்கு வேண்டியது ஒரே நேரத்துல ஓடுற லோடு. வாட்டை 230ஆல வகுங்க: 2000 வாட் சாமான் ஒவ்வொண்ணும் 8.7 ஆம்ப், கெட்டில் 6.5, மிக்ஸி 3.3. காலையில ரெண்டு கீசர், ஹீட்டர், அடுப்பு நாலும் சேர்ந்து 34.8. ஃபிரிட்ஜ், லைட்டுக்கு 2 வச்சா 36.8. இதுக்கு மேல கெட்டிலைப் போட்டா 43.3, மிக்ஸியும் ஓடினா 46.6.

உடனே விழாததுக்குக் காரணம் இதுலயே இருக்கு. எம்சிபிக்குள்ள இருக்கிற பைமெட்டல், அதாவது ரெண்டு உலோகம் ஒட்டின பட்டை, சூடேறி வளைஞ்சாத்தான் வெட்டும். 32 ஆம்ப்ல 1.13 மடங்கு, அதாவது 36 வரை ஒரு மணி நேரம் தாங்கணும், 1.45 மடங்கு, அதாவது 46.4ல ஒரு மணி நேரத்துக்குள்ள வெட்டணும். 37ல ஏற்கெனவே சூடாகி நிக்கிறப்ப கெட்டிலைப் போடுறீங்க. எம்சிபி அளவு 30 டிகிரிக்குக் குறிச்சது. நம்ம ஊர் குளிர்ல அது இன்னும் கொஞ்சம் தாமதமாத்தான் வெட்டும், ஆனா சுவருக்குள்ள இருக்கிற வயருக்கு அதே கரண்ட்தான்.

எல்லாம் ஒரே நேரத்துல ஓடாதுன்னு லோடைக் குறைச்சு எடுக்கிற தள்ளுபடி ஒண்ணு உண்டு. பிரிட்டன்ல குக்கருக்கு, அதாவது பல பிளேட் உள்ள மின் அடுப்புக்கு, முதல் 10 ஆம்ப் முழுசா, மிச்சத்துல 30 சதவீதம்னு எடுப்பாங்க. உங்க அடுப்பு, ஓடிஜி, மைக்ரோவேவ், கெட்டில் சேர்ந்த 27.8 ஆம்ப் அப்படி 15.3 ஆகும். அது ஒரே குக்கர்ல பல பிளேட் மாறி மாறி வெட்டி ஓடும்னு வச்ச கணக்கு. தனித்தனி பிளக்குல சொருகுற சாமானுக்கு அதை நம்பாதீங்க. ஸ்டோரேஜ் கீசருக்கு அங்கேயும் தள்ளுபடி கிடையாது.

மலையில தள்ளுபடி இன்னும் குறைவு. 12 டிகிரி தண்ணியை 60க்குக் கொண்டுவர 15 லிட்டர் கீசருக்கு 25 நிமிஷம். சமவெளியில 28 டிகிரி தண்ணிக்கு 17 நிமிஷம் போதும். ஊட்டியில தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சிடும், அதனால பிரஷர் குக்கர் இல்லாம பருப்பு வேக வச்சா அடுப்பும் நேரம் பிடிக்கும். ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு விழுது.

கோத்தகிரி எலெக்ட்ரிக்கல்ஸ்:
வோல்டேஜையும் பாருங்க. சீசன் சாயங்காலம் 190க்கு இறங்கினா 2000 வாட் ஹீட்டர் 1365 வாட்தான் கொடுக்கும், 7.2 ஆம்ப் எடுக்கும். பல இண்டக்‌ஷன் அடுப்பு அப்படி இல்லை. சக்தியைக் குறையாம வச்சுக்கப் பார்க்கும், கரண்ட் 10.5 ஆம்ப் வரை ஏறும். 6 ஆம்ப் பாயிண்ட்ல கன்வெர்ட்டர் (பெரிய 16 ஆம்ப் பிளக்கைச் சொருக வைக்கிற அடாப்டர்) வச்சு அடுப்பு ஓட்டுறீங்களா? சாக்கெட்டோட வலது ஓட்டையைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருந்தா அந்த பாயிண்ட்டை இன்னைக்கே நிறுத்துங்க.

லவ்டேல்வாசி:
ஆமா, கன்வெர்ட்டர்தான். லேசா பழுப்பு தெரியுது. 40 ஆம்ப் வேண்டாமா?

குன்னூர் வயரிங்:
வேண்டாம். மீட்டர்ல இருந்து டிபி (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி) வரை 6 ஸ்கொயர், அதாவது 6 சதுர மில்லிமீட்டர், காப்பர்னா 32தான் பாதுகாப்பு. பழைய வீட்டுல 7/20 வயர் (20ஆம் நம்பர் கம்பி ஏழு சேர்ந்தது) கிடந்தா அது 4.6 ஸ்கொயர்தான், அதுக்கு 32 கூட அதிகம். மரப்பலகைக்கு மேல காயுற வயர் புகை வரும் வரை கண்ல படாது.

ஈபியில லோடு ஏத்தி த்ரீ ஃபேஸ் கேளுங்க. ஆர் ஃபேஸ்ல சமையலறை, ஒய் ஃபேஸ்ல கீசர் ஒண்ணும் ஹீட்டரும், பி ஃபேஸ்ல மத்த கீசரும் ஃபிரிட்ஜ், லைட்டும். சமையலறையில அடுப்பு, கெட்டில், மிக்ஸி ஓடுற காலை நேரத்துல 18.5, 17.4, 10.7 ஆம்ப்னு பிரியும். சமையலறைக்குள்ள அடுப்புக்கு 2.5 ஸ்கொயர், 16 ஆம்ப் எம்சிபி, 16 ஆம்ப் சாக்கெட் தனியா. ஓடிஜிக்கும் அதே மாதிரி தனி லைன். கெட்டிலும் மைக்ரோவேவும் சேர்ந்து 12.2, ஒரு லைன் போதும். எல்லாத்துக்கும் முன்னால 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா வெட்டுற சுவிட்ச்).

அதுவரைக்கும் கீசர் ரெண்டையும் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா போடுங்க. அடுப்பு, கெட்டில், மிக்ஸி எல்லாம் ஓடுற உச்சத்துலயே 8.7 குறைஞ்சு 37.9 ஆகும். கெட்டில் போடுற ஆறு நிமிஷம் ஹீட்டரையும் அணைச்சா 29.2.