வேறொருவர் பராமரிக்கும் டெபியன் பொதியை நாம் திருத்தலாமா?

கேள்வி (வெள்ளவத்தை):
அண்ணாமார், அக்காமார், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு எழுத்துருப் பொதிக்கு (மென்பொருள் தொகுப்புக்கு) பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, அனுப்பினேன், பராமரிப்பாளரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அவரைத் தாண்டி வேறு யாராவது ஏற்றினால் மரியாதைக் குறைவா?

பதில் (கொட்டாஞ்சேனை):
இல்லை தம்பி, அதற்கென்றே முறை இருக்கிறது, என்எம்யூ (நான்-மெயின்டெய்னர் அப்லோட்) என்பார்கள். பராமரிப்பாளர் அல்லாத டெவலப்பர் ஒருவர் பிழையை மட்டும் திருத்தி ஏற்றுவார், 1.2-3 என்ற பதிப்பு 1.2-3.1 ஆகும், மாற்றங்களைப் பிழைப் பதிவில் போட்டுவிட்டு வழக்கமாகத் தாமத வரிசையில் சில நாள் வைப்பார்கள், உரியவர் விரும்பினால் இடையில் நிறுத்தலாம். பொதி கட்டும் பாணியை மாற்றுவதெல்லாம் அதில் கூடாது. உங்களுக்கு ஏற்றும் உரிமை இல்லையென்றால் உங்களுக்காகப் பார்த்து ஏற்றித் தரும் ஸ்பான்சர் ஒருவர் வேண்டும்.

பதில் (தெஹிவளை):
கதவை அகலத் திறக்க எனக்குப் பயம். 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தவர், நெடுநாள் உதவி செய்து நம்பிக்கை பெற்று இணைப் பராமரிப்பாளர் ஆனவர்தானே?

பதில் (கொட்டாஞ்சேனை):
உண்மைதான் அக்கா. ஆனால் அங்கே களைத்துப்போன ஒரு தனி ஆள்மீது அழுத்தம் போட்டுத்தான் உள்ளே வந்தார்கள். குழுவாகப் பராமரித்தால் அந்தச் சுமையும் குறையும், பார்க்கும் கண்களும் கூடும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் ‘புரூவன் பேக்கேஜர்’ (நிரூபித்த பொதியாளர்) ஆனவர்கள் அனேகமாக எல்லாப் பொதிகளையும் திருத்தலாம். சரி தம்பி, முதலில் அந்தப் பிழைப் பதிவிலேயே இன்னொருமுறை கேளுங்கள், அப்புறம் ஸ்பான்சரைத் தேடலாம்.