காந்தப் புயல் அடிக்கும்போது என்ட்ரோபி ஏன் இறங்குது?

நெல்லை_பிசிக்ஸ்:
எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு 2001 வருஷத்து டிஎஸ்டி இண்டெக்ஸ் (புயல்ல பூமியோட காந்தப்புலம் எவ்ளோ இறங்குதுன்னு காட்டுற எண், மைனஸ்ல போகப் போக பெரிய புயல்) டேட்டாவ ஜப்பான்ல இருக்க கியோட்டோ பல்கலைக்கழகத் தளத்துல இருந்து எடுத்து ஓட்டிட்டு இருக்கேன். அந்த வருஷம் மார்ச் 31லயும் நவம்பர் 6லயும் பெரிய காந்தப் புயல், அதாவது சூரியன்ல இருந்து வர்ற மின்துகள் காற்று மோதி பூமியோட காந்தப்புலம் ஆட்டம் காணுறது. புயல் நேரத்துல என்ட்ரோபி (டேட்டா எவ்ளோ ஒழுங்கில்லாம இருக்குன்னு சொல்ற அளவு) ஏறும்னு நெனச்சேன், பாத்தா சடார்னு இறங்குது, ப்ரோக்ராமை மூணு தடவை செக் பண்ணிட்டேன் அதே தான் வருது. புயல்னா கொந்தளிப்பு தானே? அப்போ பூமியோட காந்தமண்டலம் (பூமியச் சுத்தி அதோட காந்தப்புலம் ஆளுற வெளி) கேயாஸா, அதாவது விதிப்படி நடந்தாலும் ரொம்ப நாளைக்கு முன்கூட்டி சொல்ல முடியாத ஆட்டமா, இல்லையா?

டேட்டா_மேசை:
உங்க ப்ரோக்ராம் சரிதான், பயப்படாதீங்க. இதே 2001 டேட்டாவுல பலாசிஸ்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு சால்லிஸ் என்ட்ரோபி (வழக்கமான என்ட்ரோபி பார்முலாவ விரிச்ச ஒரு வகை) போட்டு 2008ல பேப்பர் எழுதினாங்க, அவங்களுக்கும் இறங்கத்தான் செஞ்சுது. அமைதியான நாள்ல சின்னச் சின்ன ஆட்டம் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், சந்தை இரைச்சல் மாதிரி. புயல் வந்தா பூமியச் சுத்தி ஓடுற வளைய மின்னோட்டம் பெருகி எல்லாத்தையும் ஒரே பக்கம் இழுத்துட்டுப் போயிடும், சந்தையில இருக்க அத்தனை பேரும் திடீர்னு ஒரே கோஷம் போட்டா எப்படி இருக்கும் அப்படி. ஒழுங்கு கூடுது, அதான் என்ட்ரோபி குறையுது. சால்லிஸ் எதுக்குன்னா, பிளாஸ்மாவுல (மின்னூட்டம் உள்ள துகள்களோட வாயு) தூரத்துல இருக்க துகள்கூட ஒண்ணையொண்ணு விடாம பாதிக்கும், தனித்தனின்னு வச்சுப் போடுற பழைய பார்முலா அங்க சரியா உக்காராது.

ராத்திரி_வானம்:
கேயாஸ் கேள்விக்கு நான் சொல்றேன். பாத்ரூம் குழாய லேசா ஒழுக விடுங்க, சொட்டு சீரா விழும். இன்னும் கொஞ்சம் திருகுனா தாளம் தப்பும், அது கேயாஸ். 1990ல பேக்கர் குழு காந்தமண்டலத்துக்கு இதையே மாடலா வச்சாங்க, ராத்திரிப் பக்கத்து காந்தவாலை சூரியக்காற்று இழுத்து இழுத்து நீட்டும், தாங்காதப்போ காந்தக்கோடுகள் மறுபடி இணைஞ்சு ஒரு பிளாஸ்மா உருண்டை சொட்டு மாதிரி அறுந்து வெளிய போயிடும். அதே வருஷம் ஏஇ இண்டெக்ஸுக்கு (துருவ ஒளிப் பகுதி மின்னோட்டத்தோட அளவ காட்டுற எண்) பரிமாணம், அதாவது ஆட்டத்த விவரிக்க சுமாரா எத்தனை மாறி வேணும்ங்கிறது, 3.6னு ஒரு கணக்கு வந்துச்சு, ரொம்ப எளிய கேயாஸ்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, ஆனா வெறும் நிறமிரைச்சல்கூட (மெதுவான ஆட்டம் அதிகமா இருக்க தற்செயல் இரைச்சல்) அப்படி நம்பர் குடுக்கும்னு சீக்கிரமே எதிர்ப்பு வந்துடுச்சு. என்னைக் கேட்டா குழாய் உவமை நிக்கும், 3.6 நிக்காது. உங்க டேட்டாவ அலைகளாப் பிரிச்சு, ஒவ்வொரு அலையோட ஃபேஸையும் (அலை எந்த இடத்துல தொடங்குதுங்கிறது) கலைச்சு டூப்ளிகேட் சீரிஸ் பண்ணி ரெண்டையும் ஒப்பிடாம கேயாஸ்னு எழுதிடாதீங்க ப்ளீஸ்.

நெல்லை_பிசிக்ஸ்:
நன்றி அண்ணா. புயல்ல ஒழுங்கு கூடுதுன்னா முன்கூட்டியே சொல்றதும் ஈஸியா இருக்கணுமே? 2024 மே மாசம் டிஎஸ்டி மைனஸ் 400 நானோடெஸ்லாவுக்கும் கீழ போச்சே, அவ்ளோ ஆழமா போகும்னு முன்னாடியே தெரியலயே?

டேட்டா_மேசை:
குழாயத் திருகுற கை நம்மகிட்ட இல்லையேப்பா, சூரியன்கிட்ட இருக்கு. வர்ற காற்றோட காந்தப்புலம் தெக்கு பாத்து இருந்தாதான் காந்தமண்டலத்துக்குள்ள ஆற்றல் நுழையுற கதவு நல்லா தொறக்கும், அது எந்தப் பக்கம் பாக்குதுன்னு சூரியன் பக்கமா 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1ங்கிற புள்ளியில நிக்கிற இந்தியாவோட ஆதித்யா மாதிரி விண்கலத்த தொட்டாத்தான் உறுதியாத் தெரியும். அங்க இருந்து இங்க வர மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம்.

நெல்லை_பிசிக்ஸ்:
இப்போதான் குழாய்க்கு அடியில தட்டு வச்சு எண்ணிட்டு வந்தேன். டக், டக், டக்னு சீரா இருந்துச்சு, ஒரு நூல் திருகுனதும் ரெண்டு சொட்டு ஒட்டி விழுந்து மூணாவது லேட்டா வருது. ஃபேஸ் கலைக்கிற வேலைய ராத்திரியே ஆரம்பிக்கிறேன்.