ரெசிஸ்டருக்கு முன்னும் பின்னும் ஒரே மின்னோட்டம் காட்டுகிறது: மீட்டரில் கோளாறா?

கேள்வி:
9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி. ஆகிய மூன்றையும் தொடராக இணைத்திருக்கிறேன். நேர்முனைக்கும் ரெசிஸ்டருக்கும் இடையில் மல்டிமீட்டரைச் சேர்த்தால் 14.7 மில்லி ஆம்பியர் காட்டுகிறது, எல்.இ.டி.யையும் கடந்து எதிர்முனைக்கு அருகில் அளந்தாலும் அதே 14.7 தான். ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் குறைக்கும் என்றால், அதைத் தாண்டிய பிறகு அளவு குறைய வேண்டாமா? ரெசிஸ்டரை எல்.இ.டி.க்குப் பின்னால் மாற்றி வைத்தும் பார்த்தேன். எல்.இ.டி. கருகவில்லை, வெளிச்சமும் மாறவில்லை. மீட்டர் பழுதாகியிருக்குமா?

பதில் 1:
மீட்டர் சரியாகவே இருக்கிறது. கிளை பிரியாத சுற்றில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஏனெனில் ஒரு புள்ளிக்குள் ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் நுழைகிறதோ அவ்வளவும் வெளியேறியாக வேண்டும், இல்லையெனில் அங்கே மின்னூட்டம் குவிந்துகொண்டே போகும். கிர்க்காஃப் 1845இல் வகுத்த முதல் விதியின் அடிப்படை இதுவே.

ரெசிஸ்டர் தன்னைக் கடந்து செல்லும் மின்னோட்டத்தில் ஒரு பங்கை விழுங்குவதில்லை. சுற்று முழுவதிலும் ஓடும் அளவைத்தான் அது குறைக்கிறது. செலவாவது ஆற்றல். சைக்கிள் சங்கிலியைப் பாருங்கள்: சக்கரத்துக்கு ஆற்றலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் சங்கிலி, நீளத்திலும் குறைவதில்லை, வேகத்திலும் குறைவதில்லை. மின்னோட்டத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு உறுப்பின் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். நீங்கள் தேடும் வேறுபாடு அங்கே தெரியும்.

பதில் 2:
அளப்பதற்கு முன், சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கும் திருகியை வோல்ட் அளவுக்கும் மாற்ற மறவாதீர்கள். ஆம்பியர் நிலையில் மீட்டரின் உள்தடை மிகக் குறைவு என்பதால், அப்படியே பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் அது குறுக்குச்சுற்றாகி, உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆனால் ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. எல்.இ.டி. முதலில் வரும்போது, பின்னால் ஒரு ரெசிஸ்டர் இருப்பது மின்னோட்டத்துக்கு எப்படித் தெரியும்?

பதில் 1:
மிக நல்ல கேள்வி. பாடநூல்கள் பெரும்பாலும் இதைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. எலக்ட்ரான்கள் பேட்டரியிலிருந்து கிளம்பி ஒவ்வோர் உறுப்பாகச் சந்தித்துக்கொண்டு போவதில்லை. கம்பி முழுவதும் அவை முன்பே நிறைந்திருக்கின்றன. சுற்றை மூடியதும் மின்புலத்தின் மாற்றம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவுகிறது. எங்கேனும் ஓட்டம் தடைபட்டால் அங்கே சிறிதளவு மின்னூட்டம் சேர்ந்து, அதுவே முன்னால் இருக்கும் ஓட்டத்தையும் மட்டுப்படுத்துகிறது. உங்கள் மேசையளவுச் சுற்றில் இந்தச் சரிக்கட்டல், கண்ணுக்கு எட்டாத ஒரு நொடிப்பின்னத்துக்குள் முடிந்து ஓட்டம் நிலைபெறுகிறது. எலக்ட்ரான்களின் சராசரி நகர்வோ இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஆகவே, வரிசையில் எது முன், எது பின் என்பது எல்.இ.டி.யின் பாதுகாப்பைப் பாதிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
அளந்துவிட்டேன். எல்.இ.டி. எரியும்போது பேட்டரியில் 8.9 வோல்ட், ரெசிஸ்டரில் 6.9, எல்.இ.டி.யில் 2.0. 6.9ஐ 470ஆல் வகுத்தால் மீட்டர் காட்டிய அதே 14.7 மில்லி ஆம்பியர் வருகிறது. இடம் மாற்றி வைத்தபோதும் இந்த எண்கள் மாறவில்லை.